ஒண்ணுன்னா ஏன் ரெண்டு பேரு? பிராண்ட் மாத்திரையிலிருந்து ஜெனரிக்குக்கு மாறுவது பற்றி

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 72 வயது. பன்னிரண்டு வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். மாதச் செலவு ஏறிக்கொண்டே போகிறதே என்று, அண்ணன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மக்கள் மருந்தகத்தில் அதே மருந்தை வாங்கி வைத்துவிட்டு சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார். பத்து நாள் கழித்து நான் ஊருக்குப் போனபோது பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கட்டிலிலிருந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறதாம். மிஷினில் பார்த்தால் மேல் எண் நூறைக்கூடத் தொடவில்லை.

மாத்திரை டப்பாவைத் திறந்தேன். இரண்டு அட்டைகள். பழைய அட்டையிலிருந்து காலையில் ஒன்று, புது அட்டையிலிருந்து ராத்திரி ஒன்று.

"ரெண்டையும் ஏன் பெரியம்மா போடுறீங்க?"

"டாக்டர் எதையும் நிறுத்தச் சொல்லலையே."

"ரெண்டும் ஒண்ணுதான் பெரியம்மா."

அவர் இரண்டு அட்டைகளையும் கையில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுன்னா ஏன் ரெண்டு பேரு?"

அன்றைக்கு டாக்டருக்கு போன் போட்டு, ஒரு அட்டையை எடுத்து ஒளித்து வைத்ததோடு சரி. நான்கு நாளில் சுவரை விட்டுவிட்டு நடந்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அது அவருடைய கேள்வி மட்டும் இல்லை.

முதலில் பெயர். க்ரோசின், கால்பால், டோலோ மூன்றும் எல்லார் வீட்டிலும் புழங்கும் பெயர்கள். மூன்றுக்குள்ளும் இருப்பது பாராசிட்டமால். பாராசிட்டமால் என்பது மருந்தின் பெயர். மற்ற மூன்றும் அதை விற்கும் கம்பெனிகள் வைத்துக்கொண்ட பெயர். ஒரு பொருளுக்கு உலகம் முழுக்க ஒரே பொதுப்பெயர் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1950-களிலிருந்து பெயர் சூட்டி வருகிறது. அந்தப் பொதுப்பெயரைத்தான் ஜெனரிக் பெயர் என்கிறோம்.

அந்தப் பெயர்களில் ஒரு ஒழுங்கும் உண்டு. கடைசி எழுத்துகளைப் பார்த்தாலே எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும். 'சார்ட்டன்' என்று முடிந்தால் ஒரு வகை பி.பி. மருந்து: டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன். 'ஸ்டேட்டின்' என்றால் கொழுப்புக்கு. 'பிரசோல்' என்றால் வயிற்று அமிலத்துக்கு. 'கிளிப்டின்' என்றால் சர்க்கரைக்கு. நம்மூரில் பெயரின் வாலைப் பார்த்து சாதி தேடுவார்கள். மருந்தில் மட்டும்தான் அப்படிப் பார்ப்பது உருப்படியான வேலை.

பெரியம்மாவின் இரண்டு அட்டைகளிலும் இருந்தது டெல்மிசார்ட்டன் 40 மி.கி. இரண்டையும் போட்டதால் ஒரு நாளைக்கு 80 மி.கி. உள்ளே போயிருக்கிறது. 80 என்பது சிலருக்கு டாக்டரே எழுதும் அளவுதான். பெரியம்மாவுக்கு எழுதிய அளவு அல்ல.

இரண்டாவது பெயர் எங்கிருந்து வருகிறது?

ஒரு கம்பெனி புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை கிடைக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். அதில் பாதி, மருந்தை மனிதர்களிடம் சோதித்து முடிப்பதிலேயே கழிந்துவிடும். மிச்ச வருடங்களில் அந்த மருந்தை அந்தக் கம்பெனி மட்டுமே விற்கலாம். விலையும் அவர்கள் வைத்ததுதான். காப்புரிமை முடிந்த மறுநாளிலிருந்து வேறு யார் வேண்டுமானாலும் செய்யலாம். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டேட்டினை லிப்பிட்டார் என்ற பெயரில் விற்றது ஃபைசர். உலகத்திலேயே அதிகம் விற்ற மருந்துகளில் ஒன்று. 2011 நவம்பரில் அமெரிக்காவில் அதன் தனியுரிமை முடிந்ததும் ஜெனரிக்குகள் வரிசையில் வந்து நின்றன.

இவர்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆராய வேண்டியதில்லை. மருந்து வேலை செய்யும் என்பது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. தங்கள் மாத்திரையும் அதே அளவு மருந்தை அதே மாதிரி ரத்தத்தில் சேர்க்கிறது என்று காட்டினால் போதும். விலை குறைவதற்கு முதல் காரணம் இதுதான். டாக்டரைப் பார்க்க பையைத் தூக்கிக்கொண்டு வரும் மெடிக்கல் ரெப்புகள் இல்லை, விளம்பரம் இல்லை, ஒரே பொருளுக்குப் பத்துப் பேர் போட்டி. இவையெல்லாம் அடுத்த காரணங்கள்.

இதுவரை சொன்னது உலகக் கதை. இந்தியாவில் கதை கொஞ்சம் வேறு. இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது.

1970-ல் நிறைவேறி 1972-ல் நடைமுறைக்கு வந்த நம் காப்புரிமைச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே தந்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்தால் தப்பில்லை. 2005 ஜனவரியில் சட்டம் மாறும் வரை இதுதான் நிலை. அந்த முப்பது சொச்சம் வருடங்களில்தான் இந்தியக் கம்பெனிகள் உலகத்துக்கே மருந்து செய்யும் அளவுக்கு வளர்ந்தன. அப்படிச் செய்த மருந்துகளுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் பெயரைச் சூட்டி விற்றது. சட்டம் மாறிய பிறகும் சண்டை ஓயவில்லை. ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர்களுடைய பிராண்டில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் மருந்து, இந்திய ஜெனரிக்காகப் பத்தாயிரத்துக்குள் கிடைத்துக்கொண்டிருந்தது. எத்தனை குடும்பங்கள் அந்தத் தீர்ப்பால் பிழைத்தன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இதன் விளைவு என்னவென்றால், நீங்கள் இப்போது 'பிராண்ட்' என்று நம்பிச் சாப்பிடுவதே அநேகமாக ஒரு ஜெனரிக்தான். பெரியம்மா பன்னிரண்டு வருடமாகச் சாப்பிட்டது டெல்மிசார்ட்டனைக் கண்டுபிடித்த கம்பெனியின் மாத்திரை அல்ல. அந்தக் கம்பெனி தன் மாத்திரைக்கு வைத்த பெயர் மைகார்டிஸ். அதைப் பெரியம்மா கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர் சாப்பிட்டது ஓர் இந்தியக் கம்பெனி தன் பெயரில் போட்ட ஜெனரிக். அதை 'பிராண்டட் ஜெனரிக்' என்பார்கள். மக்கள் மருந்தகத்தில் வாங்கியது பெயர் சூட்டாத ஜெனரிக். அசலிலிருந்து நகலுக்கு அவர் மாறவில்லை. ஒரு நகலிலிருந்து இன்னொரு நகலுக்கு மாறினார்.

அப்புறம் இன்னொரு வகையும் உண்டு; இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிதான். சாதாரண மெடிக்கல் ஷாப்பில் "ஜெனரிக் இருக்கா?" என்று கேட்டால், யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் போட்ட அட்டையை எடுத்துத் தருவார்கள். அதில் அச்சிட்ட விலை பிராண்டை ஒட்டியே இருக்கும். கடைக்காரர் வாங்கிய விலை அதில் சிறு பங்குதான். டாக்டர்களிடம் விளம்பரம் செய்யாமல் நேரே கடைகளுக்குத் தள்ளும் சரக்கு இது. "உங்களுக்காக இருபது பர்சென்ட் குறைச்சுக்கறேன்" என்று அவர் சொல்லும்போது நாம் சந்தோஷப்படுகிறோம். மிச்சம் யாருக்குப் போகிறது என்று யோசிப்பதில்லை. மருந்தில் குறை என்று இதற்கு அர்த்தமில்லை. ஜெனரிக் என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கினால் உங்களுக்குப் பணம் மிச்சமாகும் என்று நிச்சயமில்லை, அவ்வளவுதான்.

பணம் நிச்சயமாக மிச்சமாகும் இடங்கள் உண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள், அதாவது ஜன் ஔஷதி கடைகள், 2008-ல் தொடங்கின. இப்போது நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல். பிராண்டைவிடப் பாதி விலையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை அங்கே மருந்து கிடைக்கும். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. இவை இரண்டுக்கும் முன்னால், அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிய ஒவ்வொருவரும் ஜெனரிக்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-லிருந்து பொதுப்பெயரில் மொத்தமாக மருந்து வாங்கி, ஆய்வுக்கூடத்தில் சோதித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வரும் சர்க்கரை, பி.பி. மாத்திரைகளும் அப்படிப்பட்டவைதான்.

சரி, மருந்து கேட்குமா?

பெரியம்மாவின் அடுத்த கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

ஒரு மாத்திரையில் மருந்து என்பது கொஞ்சம்தான். பி.பி.க்குக் கொடுக்கும் 5 மி.கி. அம்லோடிப்பின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து மில்லிகிராம் மருந்தைத் தனியாக உள்ளங்கையில் வைத்தால் ஊதிவிட்டால் போய்விடும். கையில் பிடித்து விழுங்க வேண்டுமே என்று மாவு, லாக்டோஸ், செல்லுலோஸ், ஒட்டவைக்க ஒன்று, மிஷினில் ஒட்டாமல் இருக்க ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று சேர்த்து உருவாக்குகிறார்கள். கொழுக்கட்டை மாதிரி. பூரணம் ஒன்றே, மேல்மாவை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதத்தில் பிசைகிறார்கள். மேல்மாவு மாறினால் பூரணம் வெளியே வரும் வேகம் மாறலாம். ஜெனரிக்கைப் பற்றிய உண்மையான கேள்வி இந்த மேல்மாவைப் பற்றியதுதான்.

அதைச் சோதிப்பதற்கு உயிர்ச் சமநிலைச் சோதனை என்று பெயர். ஆரோக்கியமான இருபது முப்பது பேருக்கு ஒரு நாள் அசல் மாத்திரை, கொஞ்ச நாள் இடைவெளி விட்டு இன்னொரு நாள் ஜெனரிக். இரண்டு முறையும் குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு உச்சத்துக்கு ஏறியது, மொத்தத்தில் எவ்வளவு உள்ளே சேர்ந்தது என்று ஒப்பிடுவார்கள். அசலை 100 என்று வைத்தால், ஜெனரிக்கின் அளவு 80-க்கும் 125-க்கும் நடுவே விழ வேண்டும் என்பது விதி.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "அப்போ ஜெனரிக்கில் இருபது பர்சென்ட் மருந்து குறைவா?" என்று கேட்பவர்கள் அதிகம். வாட்ஸ்அப்பில் இதை வைத்தே பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. மாத்திரைக்குள் இருக்க வேண்டிய மருந்தின் அளவுக்குத் தனியாகக் கட்டுப்பாடு உண்டு. இது ரத்தத்தில் சேரும் அளவைப் பற்றிய விதி. அதிலும் சராசரி மட்டும் அந்த எல்லைக்குள் இருந்தால் போதாது. ஆளுக்கு ஆள் மாறும் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகு வரும் முழு இடைவெளியும் உள்ளே அடங்க வேண்டும். சராசரி 82-ல் நிற்கும் மாத்திரை அநேகமாகத் தேறாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு வந்த 2,070 சோதனைகளைத் திரட்டி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அசலுக்கும் ஜெனரிக்குக்கும் இடையே மொத்த உறிஞ்சலில் இருந்த சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம். காலையில் இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்ட நாளுக்கும் வெறும் வயிற்றில் போட்ட நாளுக்கும் இடையே பல மருந்துகளில் இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும்.

அமெரிக்கச் சோதனை சரி, இந்தியாவில்? இங்கே எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்தச் சோதனை இல்லாமல் உரிமம் கிடையாது என்ற விதி வந்ததே 2017 ஏப்ரலில்தான். அதற்கு முன், ஒரு மருந்து புதிதாக அனுமதிக்கப்பட்டு நான்கு வருடம் ஆகிவிட்டால், மாநில அதிகாரிகளிடமே இந்தச் சோதனை இல்லாமல் உரிமம் வாங்க வழியிருந்தது. அந்தப் பழைய உரிமங்களில் வந்த மாத்திரைகள் பல இன்றும் கடையில் இருக்கின்றன. ஆனால் கவனியுங்கள்: இந்தக் குறை பெயரில்லாத மாத்திரைக்கு மட்டும் உரியது அல்ல. பளபளப்பான பெயரோடு வரும் பிராண்டட் ஜெனரிக்குக்கும் இதே விதி, இதே உரிமம்தான். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதா மாதம் 'தரமில்லாதவை' என்று வெளியிடும் பட்டியலில் தெரிந்த பெயர்களும் வருகின்றன, தெரியாத பெயர்களும் வருகின்றன. பெயர் பெரிதாக இருந்தால் தரமும் பெரிதாக இருக்கும் என்பது நம்பிக்கை, சான்று அல்ல.

ஜெனரிக் தவறிய சந்தர்ப்பமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. மன அழுத்தத்துக்கான புப்ரோப்பியான் என்ற மருந்தின் 300 மி.கி. நீடித்து வேலை செய்யும் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஜெனரிக் வந்ததும், 'இது கேட்கவில்லை, தலைவலிக்கிறது' என்று நோயாளிகள் எழுதத் தொடங்கினார்கள். அது நோயின் இயல்பாக இருக்கலாம் என்றுதான் முதலில் பதில் வந்தது. பிறகு நேரடியாகச் சோதித்துப் பார்த்தபோது அதில் ஒரு தயாரிப்பு அசலுக்குச் சமமில்லை என்று தெரிந்தது. 2012-ல் அது திரும்பப் பெறப்பட்டது. அனுமதி தரும்போது 150 மி.கி. மாத்திரையைச் சோதித்துவிட்டு, 300-ம் அப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டதுதான் கோளாறு. நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதால்தான் அது பிடிபட்டது.

எங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும்

பெரும்பாலான பி.பி., சர்க்கரை, கொழுப்பு, அமில மாத்திரைகளை மாற்றுவதில் பயமில்லை. சில மருந்துகளில் மட்டும் பலனுக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல். வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமாஸெபின், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், தைராய்டுக்கு லெவோதைராக்சின், மனநலத்துக்கு லித்தியம், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின். இவற்றில் சிறு ஏற்ற இறக்கம்கூடப் பெரிதாகத் தெரியும்.

மேல்மாவு என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததை எப்போதும் சொல்வார்கள். 1968 வாக்கில் பிரிஸ்பேனில் ஃபெனிட்டாயின் சாப்பிட்டுக்கொண்டிருந்த வலிப்பு நோயாளிகள் பலர் திடீரென்று தள்ளாடி நடந்தார்கள். பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. டாக்டர் அளவைக் கூட்டவில்லை, மருந்தும் மாறவில்லை. தேடிப் பார்த்தால், கேப்ஸ்யூலுக்குள் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டிருந்தார்கள். கால்சியம் இத்தனை நாளும் மருந்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தது. லாக்டோஸ் விட்டுவிட்டது. ரத்தத்தில் மருந்து ஏறிவிட்டது. இதில் ஜெனரிக்குக்குப் பங்கே இல்லை. ஒரே தயாரிப்புக்குள் நடந்த மாற்றம். எனவே வலிப்பு மருந்து சாப்பிடுபவர்கள் பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கு மட்டுமல்ல, ஒரு ஜெனரிக்கிலிருந்து இன்னொன்றுக்குக்கூட டாக்டரைக் கேட்காமல் மாறக் கூடாது. மற்றவற்றிலும் டாக்டரைக் கேட்டே மாற வேண்டும், அதுவும் ரத்தப் பரிசோதனையோடு: லெவோதைராக்சின் என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு பரிசோதனை பார்க்க வேண்டும், வார்ஃபரின் என்றால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை வழக்கத்தைவிட நெருக்கி நெருக்கிப் பார்ப்பார்கள்.

இன்சுலின் போன்ற ஊசிகளும், உறிஞ்சும் இன்ஹேலர்களும் தனிக் கதை. இன்சுலினுக்குப் போட்டியாக வருபவற்றுக்குப் பெயரே வேறு, பயோசிமிலர். இன்ஹேலரில் மருந்து ஒன்றாக இருந்தாலும் கருவி மாறினால் இழுக்கும் விதம் மாறும். அதைப் பழகாமல் மாற்றினால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும்.

அட்டையைத் திருப்புங்கள்

மாறுவது என்று முடிவானால், பழைய அட்டையையும் புது அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். பொதுப்பெயர், பிராண்ட் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-லிருந்து விதி இருக்கிறது. வண்ணத்தையும் வடிவத்தையும் வைத்து பிராண்ட் பெயரையே கண்ணில் குத்த வைப்பது கம்பெனிகளின் கைவரிசை. 'டெல்மிசார்ட்டன் ஐ.பி. 40 மி.கி.' என்று இருந்தால், ஐ.பி. என்பது இந்திய மருந்து நூலின் தரப்படி செய்தது என்று பொருள்.

பெயரும் எண்ணும் பொருந்தினால் போதாது. ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகளைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால் பெரும்பாலும் கூடவே நீர் பிரியும் மருந்து; 'ஏ.எம்.' என்றால் கூடவே அம்லோடிப்பின். அவை வேறு மாத்திரைகள். 'எஸ்.ஆர்.', 'எக்ஸ்.ஆர்.', 'ஈ.ஆர்.' என்று இருந்தால் மருந்தை மெல்ல மெல்ல விடும் வகை. அதை சாதாரண மாத்திரையோடு மாற்றக் கூடாது, உடைத்தோ கடித்தோ சாப்பிடவும் கூடாது. மெட்ஃபார்மின் 500-க்கும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500-க்கும் எண் ஒன்றுதான், நடத்தை வேறு.

மருந்தின் பெயருக்குப் பின்னால் ஒட்டி வரும் உப்பின் பெயரும் சில சமயம் முக்கியம். மெட்டோபுரோலால் சக்சினேட் என்பது நாளைக்கு ஒரு வேளை போடும் நீடித்த வகையில் வருவது; மெட்டோபுரோலால் டார்ட்ரேட் இரண்டு வேளை போடுவது. பெயரின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வாங்கினால் வம்பு. அம்லோடிப்பினிலும் ஒரு கண்ணி உண்டு: எஸ்-அம்லோடிப்பின் 2.5 மி.கி. என்பது சாதாரண அம்லோடிப்பின் 5 மி.கி.க்குச் சமம். எஸ் என்ற ஓர் எழுத்தைக் கவனிக்காவிட்டால் அளவு பாதியாகவோ இரட்டையாகவோ போய்விடும்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டாம். டாக்டரிடம் "இதை ஜெனரிக்கில் வாங்கலாமா, பொதுப்பெயரில் எழுதித் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, பொதுப்பெயரில் தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவ ஒழுக்க விதிகளே 2016-லிருந்து சொல்கின்றன. இதையே இன்னும் கறாராக்கி தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதிமுறைகள், மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன. மருந்தின் தரத்தை முதலில் உறுதி செய்யுங்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எழுதித் தர மனமில்லாத டாக்டர் காரணம் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மருந்து மேலே சொன்ன குறுகலான வகையாக இருக்கலாம்.

சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால், கடைக்காரர் தன்னிஷ்டத்துக்கு வேறு கம்பெனி மாத்திரையை மாற்றித் தர நம் மருந்து விதிகளில் இடமில்லை. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய 'ஷெட்யூல் எச்' வகை மருந்துகளுக்கு அது தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் கடையிலேயே மாற்றித் தருவார்கள்; அங்கே இருக்கும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு இங்கே கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நம்மூரில் "அதே மருந்துதான் சார், கம்பெனிதான் வேற" என்று தருவது தினப்படி நடப்பதுதான் என்றாலும், சீட்டைத் திருத்தி வாங்கிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

மாறிய பிறகு கொஞ்ச நாள் கணக்கு வையுங்கள். பி.பி. என்றால் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஒரே நேரத்தில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். சர்க்கரை என்றால் வெறும் வயிற்று அளவையும், மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையை மூன்று மாதத்திலும் பாருங்கள். எண்கள் அப்படியே இருந்தால் மருந்து கேட்கிறது. மாறிவிட்டால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள்; 'எனக்கென்னவோ சரியில்லை' என்பதைவிட அது நன்றாகப் பேசும். பில்லைப் பத்திரமாக வையுங்கள், அதில் பேட்ச் எண் இருக்கும். பக்க விளைவு வந்தால் தெரிவிக்க அரசின் இலவச எண்ணும் இருக்கிறது: 1800-180-3024. மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று தாவாமல், ஒத்துவரும் ஒன்றிலேயே இருப்பது நல்லது.

முக்கியமானது, பழைய அட்டையை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். பெரியம்மா வீட்டில் நடந்தது அபூர்வம் இல்லை.

மனசு என்ற ஒன்று குறுக்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் 2007-ல் ஒரு தைராய்டு மாத்திரையின் மேல்மாவை மாற்றினார்கள். மருந்து அதேதான், மாத்திரையின் நிறம் மஞ்சளிலிருந்து வெள்ளையானது. அதற்கு முன் 30 வருடத்தில் அந்த மருந்தைப் பற்றி வந்த பக்க விளைவுப் புகார்கள் 14. மாற்றத்துக்குப் பின் பதினெட்டு மாதத்தில் 1,400-க்கு மேல். டி.வி.யும் பத்திரிகையும் அதிகம் பேசிய வட்டாரங்களில் புகாரும் அதிகம். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, தலைவலி உண்மைதான். 'இது சரியில்லாத மாத்திரை' என்று நினைத்துக்கொண்டு விழுங்கினால் உடம்பு அதற்கேற்ப நடந்துகொள்கிறது. ஆனால் புப்ரோப்பியான் கதையில் நோயாளிகள் சொன்னது சரியாக இருந்ததே? அதனால்தான் நோட்டும் எண்களும் வேண்டும் என்கிறேன். இரண்டில் எது என்று அவைதான் பிரித்துச் சொல்லும்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அட்டையோடு நின்ற பிறகு மூன்றாவது வாரம் பி.பி. கொஞ்சம் ஏறியது. "பாத்தியா, கேக்கலை" என்றார். போய்ப் பார்த்தால், ஒரு வாரத்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, சமையலறை ஜன்னலோரம் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். டெல்மிசார்ட்டன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் மருந்து. விழுங்கும் நேரத்தில்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும். பழைய பிராண்டையும் இத்தனை வருடம் அப்படித்தான் வைத்திருந்தாரா என்று கேட்டேன். அது விலை அதிகமாச்சே, அட்டையோடவே பீரோவில் வைத்திருந்தேன் என்றார்.

இப்போது புதியதும் பீரோவில் இருக்கிறது. பி.பி. இறங்கிவிட்டது. போன மாதம் அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியபோது, அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "கூட ஒரு எச் இருக்கே தம்பி, எனக்கு வெறும் டெல்மிசார்ட்டன்தான்."